"வீட்டுல கொஞ்சம் பிரச்சினை அக்கா": உணவகத்தில் ஆள் நிற்காவிட்டால் எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

பதினேழு வருடமாகச் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கிறேன். தட்டு தூக்கினேன், கேப்டன் (பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர்) ஆனேன், இப்போது நான்கைந்து சின்ன உணவகங்களுக்கு ரோஸ்டரும் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற அட்டவணை) சம்பளக் கணக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். என்னிடம் வந்த ராஜினாமாக்களில் பாதிக்கு மேல் ஒரே வசனம்தான்: "வீட்டுல கொஞ்சம் பிரச்சினை அக்கா." அடுத்த வாரம் பார்த்தால் அதே தம்பி பஃபலோ ரோட்டில் இன்னொரு கடையில் சாம்பார் வாளியோடு நிற்பார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வணக்கமும் வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. தேக்கா என்கிற இந்த லிட்டில் இந்தியாவைச் சுற்றி எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். முகத்தை முறித்துக்கொண்டு போக யாருக்கு விருப்பம்?

அதனால் ஏன் போகிறாய் என்று கேட்டு ஒன்றும் கிடைக்காது. எப்போது போனார் என்று பாருங்கள். அதை மட்டும் மறைக்க முடியாது. சம்பளம் ஏறிய மறுநாள் போனாரா, மத்தியானம் மூன்று மணிக்கு மெசேஜ் போட்டாரா, தீபாவளி முடிந்த வாரம் போனாரா? பழுது எங்கே இருக்கிறது என்று அந்தத் தேதியே சொல்லிவிடும்.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

கடந்த ஒரு வருடத்தில் போனவர்களை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டம்: சேர்ந்த தேதி, போன தேதி, கடைசியாகப் பார்த்த ஷிப்ட், போவதாகச் சொன்ன கிழமையும் நேரமும். நான்காவது கட்டத்தை வாட்ஸ்அப்பில் தேடி எடுத்துவிடலாம். காரணம் என்று ஒரு கட்டம் போடாதீர்கள். போட்டால் "அவன் சரியில்லாத ஆள்" என்று நம் கையே எழுதிவிடும்.

பதினைந்து இருபது பெயர் சேர்ந்தால் தேதிகள் எங்கோ குவிவது தெரியும். எங்கே குவிகிறதோ அதற்கான பகுதியை மட்டும் கீழே படித்தால் போதும்.

மூன்றாம் நாளே ஆளைக் காணோம்

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்று முதலாளி சொல்வார். இருக்கட்டும். ஒரே வருடத்தில் ஆறு பேர் முதல் வாரத்திலேயே போனால், பொறுமை இல்லாத ஆறு பேரையும் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தது நாம்தானே?

நான் கணக்குப் பார்க்கும் ஒரு வாழையிலைக் கடையில் நடந்தது. மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து புதிதாக ஒரு தம்பி வந்தார். காலை பத்தரைக்கே வந்துவிட்டார். "அங்க நில்லு, கூப்பிடுறேன்" என்றார் கேப்டன். சட்டை ஒரு சைஸ் பெரிது. மூன்றரை மணிக்குச் சமையலறையில் எல்லாரும் மீதிச் சோற்றில் ரசம் ஊற்றி, பொரியல் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தானும் எடுத்துக்கொள்ளலாமா, எந்தத் தட்டில் எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே செவன் இலெவனில் ஒரு பன் வாங்கி நின்றுகொண்டே தின்றார். மூன்றாம் நாள் போன் சுவிட்ச் ஆஃப். அந்தத் தம்பி பசிக்காகப் போகவில்லை. இரண்டு நாளும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத இடத்துக்கு மூன்றாம் நாளும் எதற்குப் போக வேண்டும் என்று நினைத்திருப்பார்.

சரிசெய்வது சுலபம், காசும் அதிகம் ஆகாது. முதல் மூன்று நாளைக்கு ஒருவர் பொறுப்பு என்று பேர் சொல்லி வையுங்கள். கேப்டன் வேண்டாம். ஆறு மாதத்துக்குள் சேர்ந்த யாராவது இருந்தால் நல்லது, என்ன தெரியாது என்பது அவருக்குத்தான் இன்னும் நினைவிருக்கும். முதல் நாள் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அடுத்தது காகிதம். வேலை விவரங்களை எழுத்தில் கொடுக்கச் சட்டம் 14 நாள் தருகிறது. அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் நாளே கொடுங்கள். அதில் ஸ்பிளிட் ஷிப்ட் (நடுவில் இடைவெளி விட்டு இரண்டு துண்டாக வரும் வேலை) உண்டா, ஆஃப் டே எந்தக் கிழமை, சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். நேர்காணலில் "எட்டு மணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டு, முதல் சனிக்கிழமையே பதினொன்றரை வரை நிறுத்தினால் அவர் அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்.

உள்ளூர் ஆள் என்றால் சேர்வதற்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் கூலி கொடுத்து வேலை பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகிறவர் அன்றே ஓடிவிடுவார், இருவருக்கும் லாபம். பெர்மிட் (வேலை அனுமதி) வேண்டிய வெளிநாட்டவரிடம் மட்டும் இந்த வேலை வேண்டாம். அனுமதி வராமல் ஒரு மணி நேரம் வேலை வாங்கினாலும் குற்றம்.

சம்பளம் ஏறிய மறுநாள்

இப்படிப் போகிறவர்களைச் சம்பளம் போதாமல் போனவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். பாதிக் கேஸில் அப்படி இல்லை. தொகையைவிட, அது எப்படி வந்தது என்று புரியாததுதான் கோபம்.

சம்பளச் சீட்டை எடுத்து, கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிகிறதா? விவரமான சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். இன்றும் சில கடைகளில் மொத்தத் தொகையைப் பென்சிலில் எழுதிய உறைதான் கைக்கு வருகிறது. சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓடியும் (ஓவர்டைம், கூடுதல் நேரச் சம்பளம்) வந்தாக வேண்டும். "வாடகை கட்டிட்டு வெள்ளிக்கிழமை தரேன்" என்பது சட்டத்தில் இல்லை.

ஓடி கணக்கில்தான் நிறையக் கடைகள் தெரியாமலே தப்பு செய்கின்றன. ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி, எல்லாம் சரிதானே என்பார்கள். ஆறெட்டு நாற்பத்தெட்டு. சட்டம் 44-இல் நிற்கிறது. மீதி நான்கு மணி நேரமும் ஓடி, ஒன்றரை மடங்கு. அடிப்படைச் சம்பளம் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வையுங்கள். பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்தாலும் 44 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 10.49 வெள்ளி. ஓடிக்கு 15.73. வாரம் நான்கு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 63 வெள்ளி, மாதத்துக்கு 270 வெள்ளி போல ஆகிறது. அவர் பக்கத்துக் கடைக்கு மாறிப்போனதும் பெரும்பாலும் அந்த இருநூறு முந்நூறுக்காகத்தான். கையால் உழைக்கும் தொழிலாளருக்கு 4,500 வெள்ளி வரையும் மற்றவர்களுக்கு 2,600 வெள்ளி வரையும் இந்த விதி பொருந்தும். மாதத்துக்கு ஓடி 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம் "உடைந்த கிளாஸ்" என்று ஒரு பிடித்தம். விசாரிக்காமல், அவர் பக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது. பிடித்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் பிடிக்கவே வேண்டாம். நான்கு வெள்ளி கிளாஸுக்காக நாலாயிரம் வெள்ளி கடுப்பைச் சம்பாதிப்பானேன்?

சேவைக் கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்பது வெள்ளிக்குச் சாப்பிட்டால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் எட்டு வெள்ளி. அந்த 88-க்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 7.92. ஆக மொத்தம் 95.92. எட்டு வெள்ளி பரிமாறியவருக்குப் போகிறது என்று நினைத்து வாடிக்கையாளர் டிப்ஸ் வைப்பதில்லை. அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பில்லை ஒரு ராத்திரிக்கு ஐம்பது தடவை அச்சடித்து மேசைக்கு எடுத்துப் போகிறவர் அந்தத் தம்பிதான். ஐம்பது தடவையும் அந்த வரி அவர் கண்ணில் படுகிறது. முழுதும் கொடுக்க முடியாவிட்டால் ஒரு பங்கையாவது கொடுங்கள், எவ்வளவு பங்கு என்று சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். கொடுக்கப் போவதில்லை என்றால் அதையும் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு வந்த மெசேஜ்

இந்தப் பகுதி நீளம். சின்ன உணவகங்களில் நான் பார்த்தவரை ஆள் போவதற்கு இதைவிடப் பெரிய ஓட்டை இல்லை.

காலை 11 முதல் 3 வரை, மாலை 6 முதல் 10.30 வரை. ரோஸ்டரில் எட்டரை மணி நேரம்தான். ஆளுக்கு அது பதினொன்றரை மணி நேரம். வீடு உட்லண்ட்ஸில் என்றால் ஒரு வழிப் பயணமே ஒரு மணி நேரம். போய்ப் படுத்தால் எழ வேண்டும். அதனால் போகாமல் அங்கேயே இருக்கிறார்.

எங்கே இருக்கிறார் என்று ஒரு நாள் மூன்றே காலுக்குப் போய்ப் பாருங்கள். கடையின் பின்சந்தில், கவிழ்த்த பால் கூடைமேல் ஒருவர். தலைக்கு மேல் அடுப்புப் புகையைத் தள்ளும் விசிறியிலிருந்து அனல். வெங்காய மூட்டைமேல் காலை நீட்டி இன்னொருவர், போன் சார்ஜர் ஒயர் சமையலறைக் கதவிடுக்கிலிருந்து வருகிறது. மூன்றாமவர் பக்கத்து அடுக்குமாடி புளோக் கீழ்த்தளக் கல் மேசையில் கைமேல் தலை வைத்துத் தூங்குகிறார், சட்டையில் இன்னும் ரசக் கறை. மூன்றரைக்குத் தேங்காய் லாரி வருகிறது. "தம்பி, கொஞ்சம் இறக்கி விட்டுடு, சும்மாதானே இருக்க?" சும்மா இருக்கிற அந்த மூன்று மணி நேரத்துக்குச் சம்பளமும் இல்லை, ஓய்வும் இல்லை.

அந்த நேரத்தில் கையில் போன் இருக்கிறது. வேறு கடையில் இருக்கும் நண்பன் அழைக்கிறான். "எங்க முதலாளி ஸ்டிரெயிட் ஷிப்ட் தராரு மச்சான்." மெசேஜ் எத்தனை மணிக்கு வரும் என்று இப்போது தெரிகிறதல்லவா?

எப்படிச் சரிசெய்வது? முதல் கேள்வி, 11 மணிக்கு உண்மையில் எத்தனை பேர் வேண்டும். நான் கணக்கெடுத்த ஒரு கடையில் ஐந்து பேரை வரச் சொல்லியிருந்தார்கள், பன்னிரண்டு வரை வேலை மூன்று பேருக்குத்தான். ஸ்பிளிட்டை எடுத்துவிட்டு இரண்டு நேர் ஷிப்டாகப் பிரித்தோம். காலை அணி ஒன்பதரையிலிருந்து ஆறு வரை, மாலை அணி இரண்டிலிருந்து பத்தரை வரை. இரண்டும் சேரும் நேரத்தில் நாளைக்கான மசாலா அரைப்பு, பாத்திரம் துடைப்பு, ஃபிரிட்ஜ் கழுவுதல், சரக்கு இறக்குதல். முன்பு இதையெல்லாம் ராத்திரி பதினொன்றுக்கு மேல் செய்துகொண்டிருந்தார்கள், அதுவும் ஓடியில். முதலாளி பயந்தது போல் செலவு பெரிதாக ஏறவில்லை.

நேர் ஷிப்ட் சரிவராத கடையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எட்டுப் பேர் இருக்கும் கடையில் மதியமும் இரவும் அதே ஆட்கள்தான் வேண்டும். அப்போது ஸ்பிளிட் வாரத்தில் மூன்று நாளைத் தாண்டாமல் பாருங்கள். அந்த நாட்களுக்கென்று பேர் போட்டு ஒரு படித்தொகை கொடுங்கள். மாடியில் ஒரு மூலை, ஒரு விசிறி, இரண்டு பாய், பூட்டுகிற கதவு ஏற்பாடு செய்யுங்கள். இடைவேளையில் தேங்காய் இறக்கச் சொன்னால் அது வேலை நேரம், கணக்கில் எழுதுங்கள்.

இன்னொரு வழி ஐந்து நாள் வாரம். எட்டே முக்கால் மணி நேரம் வீதம் ஐந்து நாள் என்றால் 43 மணி 45 நிமிடம், சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் பயணம் மிச்சம். நான் இதைச் சொல்லிப் பார்த்த மூன்று முதலாளிகளில் ஒருவர்தான் ஒத்துக்கொண்டார். மற்ற இருவரும் "ஆறு நாள் வந்தாதான் வேலைக்காரன்" என்றார்கள். அவர்களுக்கு இன்றும் மாதாமாதம் ஆள் தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு ராத்திரி மெசேஜ், திங்கள் காலை எம்சி

ரோஸ்டர் எப்போது குழுவில் போடப்படுகிறது என்று பாருங்கள். ஞாயிறு ராத்திரி 11.40-க்குப் போட்டு, திங்கள் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) வரத்தான் செய்யும். பல் டாக்டர், பிள்ளையின் பள்ளிக் கூட்டம், ஜோகூரில் அக்கா மகள் நிச்சயதார்த்தம் என எதையும் திட்டமிட முடியாத வேலையில், எம்சிதான் திட்டமிட முடிந்த ஒரே லீவு.

உள்ளூர் இளைஞர்கள் உணவு டெலிவரிக்குப் போவதை முதலாளிகள் பணத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். மழையில் சைக்கிள் மிதிப்பது சுகமான வேலை இல்லை. ஆனால் இன்று ஏழு மணிக்கு முடித்துக்கொள்கிறேன் என்று அவர்களே முடிவெடுக்கலாம். அதில் கொஞ்சத்தையாவது கடையும் கொடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு முன்பே ரோஸ்டர் போடுங்கள். ஷிப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும், கேப்டனுக்குத் தெரிந்தால் போதும். போட்ட பிறகு முதலாளி மாற்றினால் அந்த நாளுக்கு ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்.

2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான (வேலை நேரத்தை வசதிக்கு மாற்றிக் கேட்பது போன்றவை) முத்தரப்பு வழிகாட்டி, அதாவது அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து போட்டது, நடப்பில் இருக்கிறது. முறையாக எழுதிக் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் மறுப்பதற்கு வியாபாரக் காரணம் வேண்டும். "எனக்குக் காலை ஷிப்ட் மட்டும் கொடுங்க, பிள்ளையை மூணு மணிக்கு அழைக்கணும்" என்று ஒரு அம்மா கேட்டால், அது ஆபீஸ்காரர்களுக்கு உள்ள சலுகை என்று தள்ளிவிடாதீர்கள்.

கடை மூடுகிற அணியைத் தனியாகப் பாருங்கள். நள்ளிரவையொட்டிக் கடைசி ரயில் போய்விடுகிறது. நைட்ரைடர், நைட் ஆவுல் என்ற நள்ளிரவுப் பேருந்துகள் 2020-இல் நின்றவை, திரும்பவே வரவில்லை. பன்னிரண்டே காலுக்கு வெளியே வருகிறவர் கிராப் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் காசு அவருடைய ஒன்றரை இரண்டு மணி நேர உழைப்பு. பக்கத்தில் குடியிருப்பவரை மூடும் ஷிப்டில் போடுங்கள், இல்லாவிட்டால் வண்டிக்காசு கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கடைசி ஆர்டரை அரை மணி நேரம் முன்னால் இழுங்கள். பதினொன்றுக்கு வந்து ஒரு மசாலா தோசை கேட்கிற அந்த ஒரு மேசையால் எவ்வளவு வருகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஒருவர் போன பத்து நாளில் இன்னும் இரண்டு பேர்

இப்படிப் போனால் மேலே இருப்பவரைப் பாருங்கள். பெரும்பாலும் கேப்டன் அல்லது தலைமைச் சமையல்காரர்.

நானே அப்படிப்பட்ட கேப்டனாக இருந்திருக்கிறேன். நன்றாகத் தட்டு தூக்குகிறாள் என்று கேப்டன் ஆக்கினார்கள். ஆளை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சனிக்கிழமை, ஏழாம் மேசைக்குப் போக வேண்டிய நெய் ரோஸ்ட்டை ஒரு தங்கை ஒன்பதாம் மேசையில் வைத்துவிட்டாள். வாடிக்கையாளர் முன்னாலேயே கத்தினேன். அவள் ஒன்றும் பேசவில்லை, தட்டைத் திரும்ப எடுத்தாள், கை நடுங்கியது. அந்த வாரம் அவள் போனாள், அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த இருவரும் போனார்கள். "வீட்டுல பிரச்சினை அக்கா." அந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று எனக்குத் தெரியாதா என்ன.

கேப்டனை மாற்றுவதற்கு முன் அவருடைய ரோஸ்டரைப் பாருங்கள். வாரத்துக்கு அறுபது மணி நேரம் நிற்கிறவர் அன்பாகப் பேச மாட்டார். அடுத்து, புகார் யாரிடம் போகிறது? கேப்டனைப் பற்றிய புகாரும் கேப்டனிடமே போக வேண்டுமென்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். முதலாளி மாதம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் டீ குடித்தால் போதும், அலுவலக அறையில் இல்லாமல் வெளியே எங்காவது.

வாடிக்கையாளர் அவமதிக்கும்போது என்ன நடக்கிறது என்பதும் இதில் சேரும். சத்தம் போடுகிறவருக்கு இலவச பாயசம், திட்டு வாங்கியவருக்கு இன்னொரு திட்டு என்று இருந்தால், மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெர்மிட் புதுப்பிக்கும் மாதத்தில் மாஸ்டர் போகிறார்

2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்கலாம். நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும், இப்படி வருகிறவர்கள் மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சின்னக் கடைக்கு ஒருவர் கிடைப்பதே பாடு. அந்த ஒருவர் புதுப்பிக்கும் மாதத்தில் "ஊருக்குப் போறேன்" என்றால் கடையே ஆடிப்போகிறது.

அவர் திடீரென்று முடிவெடுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இப்போதுதான் அடைந்திருக்கும். அதுவரை அவர் நின்றது விருப்பத்தால் என்று நீங்கள் நினைத்திருந்தால் தப்பு. கடன் முடிந்த பிறகுதான் இந்தக் கடை வேண்டுமா என்று யோசிக்கிறார்.

ஆகவே புதுப்பிப்புப் பேச்சை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். புதுச் சம்பளம் எவ்வளவு, ஊருக்குப் போய்வர எத்தனை நாள், டிக்கெட் யார் செலவு என்று அவர் கேட்கும் முன் சொல்லுங்கள். லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை) உங்கள் செலவு, ஒரு காசு அவர் சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது. பெர்மிட் வாங்கித் தந்ததற்குக் கமிஷன் என்று எதுவும் வாங்கவே கூடாது.

தங்குமிடத்தையும் போய்ப் பாருங்கள். ராத்திரி ஒரு மணிக்கு வருகிற பரோட்டா மாஸ்டரையும் காலை ஐந்தரைக்கு எழுகிற இட்லி மாஸ்டரையும் ஒரே அறையில் போட்டால் இருவருக்கும் தூக்கம் இல்லை. அறை மாற்றம் ஒன்றே ஒரு மாஸ்டரை நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

பாத்திரம் கழுவும் பாட்டி போனதும் எல்லாம் குலைகிறது

இது விசித்திரமான அறிகுறி, போனவர் ஒருவர், அடிபடுகிறவர் இன்னொருவர். சேவைத் துறையில் வெளிநாட்டவர் மொத்த ஆட்களில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உள்ளூர்வாசி ஒருவர் முழு ஆளாகக் கணக்கில் வர மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையாவது சம்பாதிக்க வேண்டும், 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளி ஆனது. அதில் பாதி சம்பாதித்தால் அரை ஆள். மசே நிதிக் (மத்திய சேம நிதி) கட்டணத்தை வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். தொகைகள் அவ்வப்போது மாறும், புதுப்பிக்கும் முன் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்கட்டில் முழங்கால் வலியோடு நிற்கும் அறுபத்திரண்டு வயதுப் பாட்டி போனால் மாஸ்டரின் பெர்மிட்டுக்கே இடம் இல்லாமல் போகலாம் என்று பல முதலாளிகளுக்கு அன்றுதான் தெரிகிறது. அவருக்கு என்ன வேண்டும்? வழுக்காத தரை விரிப்பு, உயரம் சரியான தொட்டி, கனமான அண்டாவைத் தூக்க ஒரு தம்பி. உணவுச் சேவைத் துறையில் உள்ளூர் ஊழியர்களுக்குப் படிப்படியான சம்பள உயர்வு முறை 2023 மார்ச்சிலிருந்து இருக்கிறது, அதைத் தருவது சலுகை இல்லை, கட்டாயம்.

தீபாவளி முடிந்த வாரம்

நம் கடைகளுக்கே உரிய நோய். எல்லாரும் கொண்டாடும் நாளில் நம் ஆள் மட்டும் முறுக்குப் பிழிந்துகொண்டும் பார்சல் கட்டிக்கொண்டும் நிற்கிறார். பொதுவிடுமுறையில் வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், அல்லது இருவரும் ஒத்துக்கொண்டு வேறொரு நாள் விடுப்பு. சட்டத்துக்கு அது போதும். ஆளுக்குப் போதாது.

தீபாவளியன்று பாதிப் பேருக்குக் காலை விடுங்கள், எண்ணெய்க் குளியல் முடித்து இரண்டு மணிக்கு வரட்டும். மீதிப் பேருக்குப் பொங்கலன்று விடுங்கள். யாருக்கு எது என்று செப்டம்பரிலேயே சீட்டுக் குலுக்குங்கள். தைப்பூசம் 1968-இலிருந்து பொதுவிடுமுறை இல்லை. காவடி எடுக்கிறவருக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர அரை நாள் போதாது, விரதமும் இருக்கும். இரண்டு மாதம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். அந்த நாளில் எம்சி வந்தால் தப்பு யாருடையது என்று கேட்க வேண்டாம்.

ஹோட்டல் அறைப் பக்கம்

எனக்கு அந்தப் பக்கம் அனுபவம் குறைவு, ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் என் சின்னம்மா மகள் சொன்னதை மட்டும் சொல்கிறேன். ஷிப்டுக்கு இத்தனை அறை என்று எண்ணிக்கை மட்டும் கொடுத்தால் ஆள் நிற்க மாட்டார். விருந்தாளி காலி செய்த அறையும் தங்கிக்கொண்டிருக்கும் அறையும் ஒன்றில்லை. நான்கு பேர் தங்கிப் போன குடும்ப அறை இன்னும் வேறு. எல்லாவற்றையும் ஒன்று என்று எண்ணினால், கஷ்டமான மாடி யாருக்கு என்பதில் தினமும் சண்டை. எடை வைத்து எண்ணுங்கள், மாடியைச் சுழற்றுங்கள். செப்டம்பர், அக்டோபர் கார்ப் பந்தய வாரம் முடிந்த உடனே ராஜினாமாக்கள் வந்தால், அந்த வாரத்தில் ஆஃப் டே யார் யாருக்கு ரத்தானது என்று பாருங்கள்.

பூட்டி வைக்காதீர்கள்

பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைப்பது குற்றம். கடைசிச் சம்பளத்தை இழுத்தடிப்பதும் அப்படித்தான். நோட்டீஸ் கொடுத்துப் போகிறவருக்குக் கடைசி நாளிலும், சொல்லாமல் போனவருக்கு ஏழு நாளுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டவருக்கு வரித் தீர்வு (வரிப் பாக்கியைத் தீர்ப்பது) நடைமுறை தனி. ஒருவரின் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் அவர் நின்றுவிடுவார் என்று நினைக்கிறீர்கள், ஆனால் உள்ளே இருக்கும் மற்றவர்கள் தங்கள் தேதியைக் குறித்துக்கொள்கிறார்கள்.

நிஜமாகவே வீட்டில் பிரச்சினை

அதுவும் நடக்கும். போன வருடம் ஒரு பரோட்டா மாஸ்டர் அதே வசனத்தைச் சொன்னார். நான் தாளை எடுத்துத் தேதி பார்த்தேன். சம்பள வாரம் இல்லை, பெர்மிட் மாதம் இல்லை, திங்கள் காலை பத்து மணி. எந்தக் குவியலிலும் விழவில்லை. ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம். முதலாளி அன்றே கணக்கை முடித்து, விமான டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தார், நான் ஏர்போர்ட் வரை போனேன்.

ஏழு மாதம் கழித்து ஊர் எண்ணிலிருந்து அழைப்பு. "அக்கா, ஆள் எடுக்குறீங்களா?" எடுப்போம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள், அந்த 8 விழுக்காட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு இருந்தது. அவர் கேட்ட இன்னொன்று, பழைய அறையில் ஜன்னலோரக் கட்டில் காலியா என்று.